கேமுக்காக லினக்ஸ் பக்கம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் போன்றவை இல்லாத கணினிகள் ஏராளம். அவற்றில் பல இன்றைக்கும் கேம்களை நன்றாகவே ஓட்டும். அப்படி ஒரு கணினியோடு, அல்லது விண்டோஸ் சலித்துப்போய், லினக்ஸை எட்டிப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்துகளாகத் தட்டிக்கொள்ளுங்கள்.

லினக்ஸைக் கற்றுக்கொண்ட பிறகு மாறுவதா, மாறிவிட்டுக் கற்றுக்கொள்வதா?

மாறிவிட்டுக் கற்றுக்கொள்வதுதான் நடக்கிற காரியம். கட்டளைகளை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறேன் என்று சொன்னவர்கள் பெரும்பாலும் வருவதே இல்லை. கேம் ஓட்டுவதற்குத் தேவையான லினக்ஸ் அறிவு மிகக் கொஞ்சம். ஃபைல்கள் எங்கே இருக்கின்றன, மென்பொருளை எப்படி நிறுவுவது, கிராஃபிக்ஸ் டிரைவர் சரியாக இருக்கிறதா, ஏதாவது உடைந்தால் எங்கே பார்ப்பது என்ற நான்கும் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் தேவை வரும்போது வந்து சேரும்.

ஆனால் மாறுவதற்கு முன் செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது அடுத்த கேள்வியில்.

நான் விளையாடும் கேம்கள் ஓடுமா?

ஒரு தாளை எடுத்து, கடந்த சில மாதங்களில் நீங்கள் உண்மையிலேயே விளையாடிய கேம்களை மட்டும் எழுதுங்கள். வாங்கிப்போட்டுத் தொடாமல் கிடப்பவை கணக்கில் வேண்டாம். பிறகு புரோட்டான்டிபி என்ற தளத்தில் ஒவ்வொன்றையும் தேடுங்கள். விளையாடியவர்கள் தங்கள் கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்ட்ரோ (லினக்ஸின் ஒரு வகைத் தொகுப்பு) விவரத்தோடு அனுபவத்தை எழுதியிருப்பார்கள். பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ், போர்க்டு என்று தரமும் இருக்கும். தரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், சமீபத்தில் வந்த பதிவுகளைப் படியுங்கள். மூன்று வருடம் முந்தைய புகார் இன்றைக்குப் பெரும்பாலும் செல்லாது.

தனியாக விளையாடும் கதை கேம்கள் பெரும்பாலும் பிரச்சினை தருவதில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பும் நேரடியாக ஓடும்.

ஆனால் ஃபோர்ட்நைட், வேலரன்ட், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், பப்ஜி, ரெயின்போ சிக்ஸ் சீஜ், புதிய கால் ஆஃப் டூட்டி, பேட்டில்ஃபீல்டு 6 போன்றவை இல்லாமல் இருக்க முடியாது என்றால், விண்டோஸை அழிக்க வேண்டாம். இவை ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் சில காலம் ஓடிக்கொண்டிருந்தது; 2024 இறுதியில் அதன் நிறுவனமே லினக்ஸ் வழியை அடைத்துவிட்டது.

ஏன் அந்த கேம்கள் மட்டும் ஓடவில்லை? ஏதாவது குறுக்கு வழி?

காரணம் ஆன்டி-சீட். ஏமாற்றி விளையாடுபவர்களைப் பிடிப்பதற்காக கேமோடு சேர்ந்து ஓடும் காவல் மென்பொருள் இது. வேலரன்டின் வேன்கார்டு போன்றவை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்பவை. லினக்ஸில் அந்த கெர்னலே இல்லாததால் அவற்றுக்கு உட்கார இடமில்லை.

ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 முதல் லினக்ஸில் வேலை செய்ய வழி இருக்கிறது. ஆனால் அதை அனுமதிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஒவ்வொரு கேம் நிறுவனமும்தான். எல்டன் ரிங் அனுமதித்தது, ஓடுகிறது. ஜிடிஏ ஆன்லைனுக்கு 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்த்தபோது லினக்ஸுக்கு அனுமதி தரவில்லை. அதனால் ஆன்லைன் போனது, ஜிடிஏ 5 கதை மட்டும் ஓடுகிறது. ஆக, இது பெரும்பாலும் நிறுவனங்களின் கொள்கை முடிவு. நீங்கள் எவ்வளவு லினக்ஸ் கற்றாலும் மாறாது. விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடுவது) வைத்து ஏமாற்றலாம் என்று போனால் உங்கள் கணக்கே முடக்கப்படலாம். அது வேண்டாத வேலை.

விண்டோஸுக்கு எழுதிய கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது?

வைன் என்ற திட்டம் 1993-இல் தொடங்கியது. விண்டோஸ் புரோகிராம் ஒன்று விண்டோஸிடம் கேட்பதை எல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. கேம் விற்கும் தளமான ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் வைனை எடுத்து, கேம்களுக்கு ஏற்றபடி செதுக்கி, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் வெளியிட்டது. இன்றைய லினக்ஸ் கேமிங் நிற்பது இதன் மேல்தான்.

படம் வரையும் வேலைதான் இதில் கனமானது. விண்டோஸ் கேம்கள் டைரக்ட்எக்ஸில் பேசும். லினக்ஸ் டிரைவர்கள் வல்கனில் பேசும். டைரக்ட்எக்ஸ் 8 முதல் 11 வரை டிஎக்ஸ்விகே மொழிபெயர்க்கிறது; 12-ஐ விகேடி3டி-புரோட்டான் பார்த்துக்கொள்கிறது. கேமின் கணக்குகள் நேராக உங்கள் பிராசஸரிலேயே ஓடுவதால் பெரிய வேக இழப்பு இருக்காது. வால்வின் கையடக்க கேமிங் கணினியான ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் வந்ததும் இந்த ஏற்பாட்டை நம்பித்தான். அதிலிருக்கும் ஸ்டீம்ஓஎஸ் ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது.

எந்த டிஸ்ட்ரோ போடலாம்?

இந்தக் கேள்விக்குப் பத்துப் பேரைக் கேட்டால் பன்னிரண்டு பதில் வரும். லினக்ஸ் கெர்னல் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதைச் சுற்றி எந்தத் திரை, எந்த மென்பொருள் கிடங்கு, எவ்வளவு புதிய பதிப்புகள் என்பதில்தான் வித்தியாசம். கேமிங் டிஸ்ட்ரோ என்று பெயர் போட்டிருப்பதால் கேம் இரண்டு மடங்கு வேகமாக ஓடிவிடாது.

என் சிபாரிசு இதுதான். கணினி ஓரளவு பழையது, அன்றாட வேலையும் அதில்தான் என்றால் லினக்ஸ் மின்ட். விண்டோஸிலிருந்து வருபவருக்கு எதுவும் அந்நியமாகத் தெரியாது. ஆனால் கடந்த ஓராண்டுக்குள் வந்த புத்தம்புதிய கிராஃபிக்ஸ் கார்டு என்றால் மின்ட் சரிப்படாமல் போகலாம். அதிலிருக்கும் கெர்னலும், மெசா என்ற கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பும் சற்றுப் பழையவை. அப்போது ஃபெடோரா நல்லது. ஸ்டீம் டெக் போல, திறந்தால் விளையாட வேண்டும், அமைப்புக்குள் கை வைக்கும் ஆசையே இல்லை என்பவருக்கு பஸைட் இருக்கிறது. அதில் அடிப்படை அமைப்பு பூட்டியே இருக்கும். அப்டேட் சொதப்பினால் முந்தைய நிலையை பூட் மெனுவிலேயே தேர்ந்தெடுக்கலாம். கேச்சிஓஎஸ் வேகமானது, ஆர்ச் வழி வந்தது. இரண்டாவது டிஸ்ட்ரோவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைப் போட்டுவிட்டுக் கொஞ்ச காலம் அதிலேயே இருங்கள். வாரம் ஒரு டிஸ்ட்ரோ மாற்றுகிறவர் இன்ஸ்டால் செய்வதில்தான் நிபுணர் ஆகிறார்.

விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸும் போடலாமா?

தாராளமாக. முடிந்தால் இன்னொரு எஸ்எஸ்டி வாங்கி லினக்ஸை அதில் தனியாகப் போடுங்கள். ஒரே டிஸ்கில் இரண்டும் இருந்தால் சில சமயம் விண்டோஸ் அப்டேட் பூட் வரிசையைக் கலைத்துவிடும்.

தொடங்குவதற்கு முன் சில எச்சரிக்கைகள். விண்டோஸ் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மீட்பு எண்ணை வேறு இடத்தில் எழுதி வைத்த பிறகே பார்ட்டிஷனிலோ பயாஸிலோ கை வையுங்கள். அது இல்லாமல் பூட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது போனது போனதுதான். அடுத்து, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது விண்டோஸை முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் வைப்பதால், அந்த டிரைவை லினக்ஸ் படிக்க மட்டுமே அனுமதிக்கும். முக்கியமான ஃபைல்களுக்கு வெளி டிஸ்கில் ஒரு நகல் அவசியம்.

பென்டிரைவிலிருந்து லைவ் முறையில் முதலில் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், புளூடூத் எல்லாம் வருகிறதா என்று டிஸ்கைத் தொடாமலே தெரிந்துவிடும். கேமின் வேகத்தை மட்டும் அதில் வைத்து எடைபோடாதீர்கள்.

லினக்ஸ் போட்ட பிறகு விண்டோஸில் நேரம் தப்பாகக் காட்டுகிறதே?

பழுது இல்லை. மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்று கொடுத்தால் லினக்ஸ் விண்டோஸின் வழிக்கு வந்துவிடும்.

கிராஃபிக்ஸ் டிரைவரை எங்கிருந்து டவுன்லோட் செய்வது?

நிறுவனத்தின் தளத்திலிருந்து வேண்டாம். விண்டோஸ் பழக்கத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். லினக்ஸில் அது சிக்கலைத் தேடிப் போவது.

ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கு நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. டிரைவர் கெர்னலிலும் மெசா என்ற தொகுப்பிலும் ஏற்கெனவே இருக்கிறது. கணினியை அப்டேட் செய்யும்போது அதுவும் சேர்ந்து அப்டேட் ஆகும். புதிதாகக் கார்டு வாங்கப் போகிறீர்கள், லினக்ஸ்தான் என்று முடிவாகிவிட்டது என்றால் ஏஎம்டி வாங்குங்கள், தலைவலி குறைவு.

என்விடியாவுக்கு டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று காட்டுவதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. பஸைட்டில் என்விடியாவுக்கென்றே தனி ஐஎஸ்ஓ (நிறுவல் ஃபைல்) உண்டு. நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வந்து சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். அதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டு, டிரைவர் வேலை செய்யவில்லை என்று குழம்புபவர்கள் அதிகம். ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைக் கார்டுகள் 580 வரிசை டிரைவரோடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் உள்ளதைப் போடாதீர்கள். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் என்விடியா கார்டுகள் விண்டோஸைவிடச் சற்றுப் பின்தங்குவதும் உண்டு.

சி டிரைவ், டி டிரைவ் எல்லாம் எங்கே?

இங்கே எழுத்துப் பெயர்கள் கிடையாது. எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைக்கும். அந்த வேரின் பெயர் வெறும் சாய்கோடு. உங்கள் ஃபைல்கள் ஹோம் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும். இன்னொரு டிஸ்கைச் செருகினால் அது இந்த மரத்தில் ஏதோ ஓரிடத்தில் ஒரு ஃபோல்டராக ஒட்டிக்கொள்ளும். இதை மவுன்ட் செய்வது என்பார்கள். கேம்களுக்கென்று தனி டிஸ்க் இருந்தால், கணினி தொடங்கும்போதே தானாக மவுன்ட் ஆகும்படி டிஸ்க்ஸ் செயலியில் ஒரு முறை சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்டீம் ஒரு நாள் கேம்களைக் காணோம் என்று சொல்லும்.

புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஃபோல்டர்கள் மறைந்திருக்கும். ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல்-எச் அழுத்தினால் தெரியும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வேறு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். மாட் போடும்போது இது அடிக்கடி காலை வாரும்.

விண்டோஸில் நிறுவிய கேம்கள் இருக்கும் டிரைவை அப்படியே ஸ்டீமில் சேர்த்துவிடலாமா?

சேர்க்க முடியும், சில கேம்கள் ஓடவும் ஓடும். ஆனால் அந்த டிரைவ் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வடிவில் இருக்கும். புரோட்டான் உருவாக்கும் சில ஃபைல் பெயர்களும் இணைப்புகளும் அதற்கு ஒத்துவராது. திடீரென்று ஒரு நாள் கேம் திறக்காமல் அடம்பிடிக்கும், காரணமும் புரியாது. கேம்களை எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் வடிவிலுள்ள டிரைவுக்கு நகலெடுத்துவிடுங்கள். மறுபடி டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை. ஃபைல்களை ஸ்டீம் லைப்ரரி ஃபோல்டரில் சரியான இடத்தில் வைத்துவிட்டு இன்ஸ்டால் கொடுத்தால், இருப்பதைக் கண்டுபிடித்து மிச்சத்தை மட்டும் இறக்கும்.

மென்பொருள் நிறுவ இஎக்ஸ்இ ஃபைல் இல்லையா?

இல்லை. ஒவ்வொரு டிஸ்ட்ரோவுக்கும் ஒரு கிடங்கு உண்டு; சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி நிறுவினால் போதும். அதில் இல்லாதவை பெரும்பாலும் ஃபிளாட்ஹப்பில் ஃபிளாட்பேக் வடிவில் கிடைக்கும். ஸ்டீமை மட்டும் டிஸ்ட்ரோவின் கிடங்கிலிருந்தே நிறுவுவது என் பழக்கம். ஃபிளாட்பேக் செயலிகள் அடைப்புக்குள் ஓடுபவை. இன்னொரு டிஸ்கைக் காட்டுவதற்கே தனி அனுமதி தர வேண்டியிருக்கும். பஸைட்டில் ஸ்டீம் ஏற்கெனவே இருக்கும், அந்தக் கவலை இல்லை.

டெர்மினல் இல்லாமல் காலம் தள்ள முடியாதா?

முடியும். ஆனாலும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். உதவி கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ஒரு கட்டளையைத்தான் பதிலாகத் தருவார்கள். எந்தத் திரையில் எந்தப் பொத்தான் என்று விளக்குவதைவிட அது அவர்களுக்கு எளிது.

எல், எஸ் என்ற இரண்டெழுத்து இந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று காட்டும். சி, டி என்று அடித்து ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் அதற்குள் போகும். பெயருக்குப் பதில் இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே வரும். "எல்எஸ்பிஎல்கே" எல்லா டிஸ்குகளையும் பட்டியலிடும். மின்ட், உபுன்டுவில் "சூடோ ஆப்ட் அப்டேட்" கொடுத்து, பிறகு "சூடோ ஆப்ட் அப்கிரேட்" கொடுத்தால் மொத்த அமைப்பும் புதுப்பிக்கப்படும். ஃபெடோராவில் "சூடோ டிஎன்எஃப் அப்கிரேட்" ஒன்றே போதும். பெயரைப் பாதி அடித்துவிட்டு டேப் விசையைத் தட்டினால் மீதியைத் தானே நிரப்பும். மேல் அம்பு முந்தைய கட்டளையைத் திரும்பக் கொண்டுவரும். ஓடுவதை நிறுத்த கன்ட்ரோல்-சி. அதனால்தான் இங்கே நகலெடுக்க கன்ட்ரோல்-ஷிஃப்ட்-சி, ஒட்டுவதற்கு கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி.

சூடோ என்பது நிர்வாகி அதிகாரத்தோடு ஓடு என்று சொல்வது. பாஸ்வேர்டு கேட்கும், நீங்கள் அடிப்பது திரையில் நட்சத்திரமாகக்கூடத் தெரியாமல் போகலாம். விசைப்பலகை கெட்டுவிடவில்லை, அடித்து என்டர் தட்டுங்கள். இணையத்தில் கண்ட கட்டளை சூடோவில் தொடங்கினால், ஒட்டுவதற்கு முன் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆர்எம் என்ற கட்டளை இருந்தால் இரண்டு முறை படியுங்கள். அது அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போகாது.

ஸ்டீமில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

செட்டிங்ஸில் கம்பேட்டிபிலிட்டி பகுதியில், எல்லா கேம்களுக்கும் ஸ்டீம் பிளே என்ற தேர்வு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய ஸ்டீமில் இது கேட்காமலே இயங்கும்.

ஒரு கேம் திறக்கவில்லை என்றால் அதன் பிராப்பர்டீஸில் போய் வேறு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். புரோட்டான் எக்ஸ்பெரிமென்டல் முதலில், அதுவும் சரிவராவிட்டால் ஜிஇ-புரோட்டான். பின்னது வால்வ் தருவதல்ல, தன்னார்வலர் பராமரிப்பது. கேமுக்குள் வரும் வீடியோக் காட்சிகள் ஓடாத இடங்களில் பல முறை கைகொடுக்கும். புரோட்டான்அப்-கியூடி செயலி மூலம் எளிதாக நிறுவலாம். சில கேம்களுக்கு லினக்ஸ் பதிப்பு இருந்தும், அதை நிறுவனம் கவனிக்காமல் விட்டிருக்கும். அங்கெல்லாம் விண்டோஸ் பதிப்பை புரோட்டானில் ஓட்டுவதே மேல்.

எபிக், ஜிஓஜி கேம்கள்?

ஹீரோயிக் கேம்ஸ் லாஞ்சர் போடுங்கள். எபிக், ஜிஓஜி, அமேசான் மூன்றும் அதில் வரும். மற்ற லாஞ்சர்களுக்கு லூட்ரிஸ்.

என் சேவ் ஃபைல்கள் என்ன ஆகும்?

ஸ்டீம் கிளவுட் உள்ள கேம் என்றால் தானாக வந்துவிடும். அந்த வசதி இல்லாத கேம்களுக்குக் கையால் நகலெடுக்க வேண்டும். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் டிரைவை உருவாக்குகிறது. ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் கம்பேட்டேட்டா, அதற்குள் கேமின் எண், அதற்குள் பிஎஃப்எக்ஸ், அதற்குள் டிரைவ்_சி. உள்ளே போனால் பழைய விண்டோஸில் பார்த்த அதே யூசர்ஸ், டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா இருக்கும். கேமை ஒரு முறை திறந்து மூடிய பிறகு பழைய சேவ் ஃபைலை அதே இடத்தில் வையுங்கள். கேமின் எண் அதன் ஸ்டீம் பக்க முகவரியிலேயே இருக்கும்.

முதல் முறை ஓட்டும்போது திக்கித் திணறுகிறது. இவ்வளவுதானா லினக்ஸ்?

அவசரப்படாதீர்கள். கார்டுக்குத் தேவையான ஷேடர்களை (படம் வரைய உதவும் சின்னச் சின்ன புரோகிராம்கள்) கேம் முதல் முறை தயாரித்துக்கொள்கிறது. ஸ்டீமும் விளையாடும் முன் வல்கன் ஷேடர்களைத் தயாரிக்கிறேன் என்று ஒரு பட்டையைக் காட்டும். கொஞ்ச நேரம் விளையாடியபின் சீராகிவிடும். அப்போதும் மந்தமாக இருந்தால் மேங்கோஹட் என்ற கருவியைப் போட்டு, எஃப்பிஎஸ்ஸோடு (நொடிக்கு எத்தனை படம்) எந்த கார்டு வேலை செய்கிறது என்றும் பாருங்கள். லேப்டாப்பில் பெரிய கார்டு சும்மா இருக்க, பிராசஸரோடு வரும் சின்ன கார்டில் கேம் ஓடிக்கொண்டிருப்பது சகஜம்.

கன்ட்ரோலர், கேமிங் மவுஸ்?

எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்கள் செருகினால் வேலை செய்யும். எக்ஸ்பாக்ஸின் வயர்லெஸ் டாங்கிளுக்கு மட்டும் எக்ஸ்ஒன் என்ற டிரைவர் தனியாகத் தேவை. மவுஸ் நிறுவனங்களின் விண்டோஸ் செயலிகள் இங்கே வராது. பல மாடல்களுக்கு பைப்பரும், விளக்கு வண்ணத்துக்கு ஓபன்ஆர்ஜிபியும் இருக்கின்றன. ரேசிங் வீல் வைத்திருப்பவர்கள் தங்கள் மாடலைத் தேடிப் பார்த்துவிட்டு மாறுங்கள், நிலைமை மாடலுக்கு மாடல் வேறு.

அப்டேட்டுக்குப் பிறகு ஏதோ உடைந்துவிட்டது. மறுபடி இன்ஸ்டால் செய்வதா?

அது கடைசி வழி. மின்ட்டில் டைம்ஷிஃப்ட் இருக்கிறது. முதல் நாளே அதை இயக்கி வைத்திருந்தால் நேற்றைய நிலைக்குப் போய்விடலாம். உங்கள் சொந்த ஃபைல்களை அது வழக்கமாகத் தொடாது, அதனால் அதை பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தாலே பல பிரச்சினைகள் விலகும். திரை மட்டும் உறைந்துபோனால் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்கும், அங்கிருந்து "சூடோ ரீபூட்" கொடுக்கலாம்.

மாட்டிக்கொண்டால் எப்படி உதவி கேட்பது?

"கேம் ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. டிஸ்ட்ரோவும் பதிப்பும், கார்டு, டிரைவர் பதிப்பு, கேமின் பெயர், எந்த புரோட்டான், அழுத்தியதும் என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். இவற்றில் முதல் மூன்றும் ஸ்டீமின் ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற ஒரே இடத்தில் கிடைக்கும். லாக் (நடந்ததைப் பதிவு செய்யும் வரிகள்) வேண்டும் என்று கேட்டால், ஸ்டீமை மூடிவிட்டு டெர்மினலில் "ஸ்டீம்" என்று அடித்துத் திறங்கள். கேம் விழும்போது அந்த ஜன்னலில் ஓடும் வரிகளைப் புகைப்படம் எடுக்காமல் எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டுங்கள். பிழைச் செய்தியை அப்படியே தேடிப் பார்க்க அவர்களுக்கு அது வேண்டும்.